நெட்வொர்க் டிரைவில் ஃபைல் அளவு எடுக்கும் ஸ்கிரிப்ட் ஏன் இப்படி இழுக்கிறது?

கேட்டவரின் நிலைமை இது. கிளை அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் கணினி. தலைமை அலுவலக சர்வரில் உள்ள பகிர்வு ஃபோல்டரை விபிஎன் வழியாக இசட் டிரைவாக மேப் செய்திருக்கிறார். உள்ளே சுமார் 40,000 ஃபைல்கள். அத்தனையின் அளவையும் எடுத்து ஒரு சிஎஸ்வி-யில் எழுதுவதற்கு ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறார். அதே ஃபைல்களைச் சொந்த டிஸ்க்கில் காப்பி செய்து ஓட்டினால் சில நொடிகளில் முடிகிறது. இசட் டிரைவில் ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இன்டர்நெட் பிளானை உயர்த்திப் பார்த்தும் நேரம் குறையவில்லை. பைத்தானை விட்டு வேகமான மொழி ஒன்றுக்குப் போய்விடலாமா என்று கேட்கிறார்.

போக வேண்டாம். எந்த மொழியில் எழுதினாலும், கேட்கும் விதம் மாறாவிட்டால் இதே நேரம்தான் ஆகும். பிளானை உயர்த்தியதில் பலன் இல்லாததற்கும் காரணம் அதுவே. உங்கள் ஸ்கிரிப்ட்டின் நேரம் டேட்டாவைக் கொண்டுவருவதில் போகவில்லை. ஒவ்வொரு சின்னக் கேள்விக்கும் பதில் வரும்வரை சும்மா காத்திருப்பதில் போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லிநொடியில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சர்வர் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்த் திரும்ப மட்டுமே 10 மில்லிநொடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் ரூட்டர்கள் இருக்கின்றன, இரண்டு முனையிலும் விபிஎன் தன் வேலையைச் செய்கிறது. எல்லாம் சேர்த்து 30 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். இது மோசமான இணைப்பு ஒன்றும் இல்லை. விண்டோஸில் ஒரு ஃபைலின் அளவைத் தனியாகக் கேட்டால் பெரும்பாலும் மூன்று வேலை நடக்கிறது: ஃபைலைத் திற, விவரத்தைக் கேள், மூடு. மூன்றுக்கும் தனித்தனியாகப் போய்வந்தால் ஒரு ஃபைலுக்கு 90 மில்லிநொடி. 40,000 ஃபைலுக்கு 3,600 நொடி. அதாவது ஒரு மணி நேரம். நீங்கள் சொல்லும் நேரத்துக்கு இது மிக அருகில் வருகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் கம்பியில் ஓடிய டேட்டாவோ ஒவ்வொரு முறைக்கும் சில நூறு பைட்டுகள்தான். லைன் கிட்டத்தட்ட காலியாகக் கிடக்கிறது. காலியாகக் கிடக்கும் லைனை இன்னும் அகலப்படுத்தி என்ன பயன்?

விண்டோஸ் பகிர்வுகள் பேசும் எஸ்எம்பி நெறிமுறையின் இரண்டாம் பதிப்பில் இந்த மூன்றையும் ஒரே கட்டாக அனுப்ப வழி உண்டு. ஆனால் எல்லாச் சமயத்திலும் அப்படி நடக்கும் என்று நம்பி ஸ்கிரிப்ட் எழுத முடியாது. அப்படியே நடந்தாலும் 40,000 முறை போய்வருவது இருக்கத்தான் செய்யும். ஒரு மணி நேரம் இருபது நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

இப்போது இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். ஒரு ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று சர்வரிடம் பட்டியல் கேட்டால், அது பெயர்களை மட்டும் அனுப்புவதில்லை. ஒவ்வொரு பெயரோடும் அளவு, உருவான நேரம், கடைசியாக மாற்றிய நேரம், ஃபைலா ஃபோல்டரா என்ற பண்புகள் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. ஒரு ஃபைலுக்கான பதிவு, 25 எழுத்துப் பெயர் என்றால், ஏறக்குறைய 160 பைட்டு. 64 கிலோபைட் கொண்ட ஒரு பதிலில் 400 ஃபைல்களுக்கான விவரம் அடங்கிவிடும். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருந்தால் 40,000 ஃபைலுக்கு 100 முறை போய்வந்தால் போதும். 30 மில்லிநொடி வீதம் 3 நொடி. மொத்த டேட்டா 6.4 மெகாபைட். நீங்கள் ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிய தகவல், பட்டியலோடு ஏற்கெனவே உங்கள் கணினிக்கு வந்துவிட்டது.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஓஎஸ்.வாக் வைத்து ஃபோல்டர்களுக்குள் நுழைந்து, கிடைத்த ஒவ்வொரு பெயரையும் பாதையோடு ஒட்டி, ஓஎஸ்.பாத்.கெட்சைஸ் என்று கேட்கிறது. பத்தில் ஒன்பது ஸ்கிரிப்ட் இப்படித்தான் இருக்கும். பைத்தான் 3.5 முதல் ஓஎஸ்.வாக் உள்ளுக்குள் ஸ்கேன்டிர் என்ற செயற்கூறைப் பயன்படுத்துகிறது. ஸ்கேன்டிர் பட்டியலை அளவோடுதான் வாங்குகிறது. ஆனால் வாக் உங்களிடம் கொடுப்பது வெறும் பெயர்களை. அளவைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. பிறகு கெட்சைஸ் மூலம் அதே அளவைத் தேடி நீங்கள் மறுபடி சர்வருக்குப் போகிறீர்கள்.

ஆக, வாக்கை விட்டுவிட்டு நேரடியாக ஓஎஸ்.ஸ்கேன்டிரைக் கூப்பிடுங்கள். அது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு டிர்என்ட்ரி பொருளைக் கொடுக்கும். அது ஃபோல்டரா என்று அந்தப் பொருளிடமே ஈஸ்_டிர் மூலம் கேளுங்கள். ஆம் என்றால் அந்தப் பாதையை ஒரு வரிசையில் போட்டுவையுங்கள், பிறகு அதற்குள் நுழையலாம். இல்லை என்றால், ஃபைலின் விவரங்களைத் தரும் ஸ்டாட் என்ற அழைப்பை அதே பொருளில் கூப்பிட்டு, அளவைச் சொல்லும் எஸ்டி_சைஸ் மதிப்பை எடுங்கள். விண்டோஸில் இந்த ஸ்டாட் நெட்வொர்க்கைத் தொடுவதில்லை, பட்டியலோடு வந்ததையே எடுத்துத் தருகிறது. வேறொரு ஃபைலைச் சுட்டிக்காட்டும் சிம்பாலிக் லிங்க்குகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்குத் தனியாகப் போய்வர நேரும், ஃபாலோ_சிம்லிங்க்ஸ் என்பதை ஃபால்ஸ் என்று வைத்தால் அதுவும் மிச்சம். வரிசை காலியாகும் வரை இதைச் சுழலில் ஓட்டினால் முடிந்தது. மொத்தம் பத்துப் பதினைந்து வரிதான். இந்த ஸ்கேன்டிர் 2015-இல் பைத்தானுக்குள் வந்தது. பென் ஹாய்ட் எழுதிய பெப் 471 என்ற முன்மொழிவின் வழியாக. தேவையற்ற கேள்விகளை நீக்கியதால் வாக் மட்டுமே விண்டோஸில் 8, 9 மடங்கு வேகமானது என்று அந்த ஆவணம் சொல்கிறது. ஒரு நூலகச் செயற்கூறை உள்ளே மாற்றியதற்கே இவ்வளவு.

ஸ்கிரிப்ட்டில் இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். ஃபைல் இருக்கிறதா என்று எக்ஸிஸ்ட்ஸ் மூலம் ஒரு தடவை, அது ஃபைல்தானா என்று ஈஸ்ஃபைல் மூலம் ஒரு தடவை, அளவுக்கு கெட்சைஸ், தேதிக்கு கெட்எம்டைம். எழுதும்போது பார்க்க அழகாக, பொறுப்பாக இருக்கும். ஆனால் நான்கும் தனித்தனியே அதே ஸ்டாட் வேலையைச் செய்கின்றன. இப்படி எழுதியிருந்தால் மேலே போட்ட கணக்கை நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். இருக்கிறதா என்று முன்கூட்டிக் கேட்பதற்குப் பதில், நேராகக் கேட்டுவிட்டு, இல்லை என்ற பிழை வந்தால் பிடித்துக்கொள்வது நல்லது. நடுவில் யாராவது ஃபைலை அழித்துவிட்டால் முன்கூட்டிக் கேட்டது எப்படியும் உதவாது. பாத்லிப்பின் ஆர்குளோப் வைத்துப் பாதைகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஸ்டாட் கூப்பிடுவதும் இதே கதைதான்; எழுத்து நவீனமாக இருக்கும், போய்வரும் எண்ணிக்கை மாறாது.

மாற்றுவதற்கு முன் உங்கள் இடத்தில் இதுதான் நடக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நான் சொல்வதை அப்படியே நம்புவதைவிட அது மேல். ஒரு நிரல் செய்யும் ஒவ்வொரு ஃபைல் வேலையையும் காட்டும் பிராசஸ் மானிட்டர், மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறந்து, பைத்தான்.எக்ஸ்இ-க்கு மட்டும் வடிகட்டி வைத்து, ஸ்கிரிப்ட்டை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். கிரியேட்ஃபைல், குவெரி என்று தொடங்கும் ஒரு வரி, குளோஸ்ஃபைல். மறுபடி அடுத்த ஃபைல் பெயரோடு கிரியேட்ஃபைல், குவெரி, குளோஸ்ஃபைல் என்று திரை முழுக்க ஓடினால் நோய் இதுதான். டூல்ஸ் மெனுவில் உள்ள ஃபைல் சம்மரியைத் திறந்தால் ஒவ்வொரு பாதைக்கும் எத்தனை முறை போயிருக்கிறது என்ற எண்ணிக்கையே கிடைக்கும். ஸ்கேன்டிருக்கு மாறிய பிறகு அதே இடத்தில் குவெரிடைரக்டரி வரிகள்தான் தெரிய வேண்டும், அதுவும் ஃபோல்டருக்குச் சில மட்டும். நெட்வொர்க்கில் ஓடுவதைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க் பழக்கம் உள்ளவர்கள் எஸ்எம்பி2 என்று வடிகட்டிப் பார்த்தால், ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் இடையே எத்தனை மில்லிநொடி என்பது வரை தெரிந்துவிடும். சர்வருக்கு பிங் செய்து பார்ப்பதும் உதவும். பல அலுவலகங்களில் விபிஎன்னில் பிங்கை அடைத்து வைத்திருப்பார்கள் என்பதால் அது கிடைக்காவிட்டால் வயர்ஷார்க்தான் வழி.

நேரம் அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒரே ஸ்கிரிப்ட்டைத் தொடர்ந்து இரண்டு தடவை ஓட்டினால் இரண்டாவது தடவை வேகமாக இருக்கும். சர்வர் தன் நினைவகத்தில் விவரங்களை வைத்திருக்கும். விண்டோஸ் கிளையன்ட்டும் ஃபைல் விவரங்களையும் பட்டியல்களையும் 10 நொடி வரை வைத்துக்கொள்ளும். இதைத் தெரியாமல், இரண்டாவதாக ஓட்டிய முறைதான் நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முறையை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள், அல்லது இதுவரை தொடாத வேறு ஃபோல்டரில் சோதியுங்கள். அந்த 10 நொடியை ரெஜிஸ்ட்ரியில் கூட்டிவைக்கச் சொல்லும் ஆலோசனையும் அடிக்கடி கேட்கும். ஃபைல்இன்ஃபோகேஷ்லைஃப்டைம் என்ற மதிப்பு அது. கூட இருக்கும் இன்னொரு மதிப்பின்படி வழக்கமாக 64 ஃபைல்களின் விவரம்தான் அந்த கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) தங்கும். 40,000 ஃபைல்களை ஒரு தடவை மட்டும் தொட்டுப் போகும் வேலைக்கு அதில் கை வைத்துப் பயனில்லை.

பட்டியலில் வரும் அளவை எவ்வளவு நம்பலாம் என்பது நியாயமான கேள்வி. மூடிக் கிடக்கும் ஃபைல்களுக்கு நம்பலாம். யாரோ திறந்து எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலுக்கு நம்பக் கூடாது. விண்டோஸ் டிஸ்க்குகளின் ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ்-இல் ஃபைலின் உண்மையான அளவு ஒரு இடத்திலும், ஃபோல்டர் பட்டியலில் காட்டுவதற்கான நகல் இன்னொரு இடத்திலும் இருக்கிறது. எழுதுபவர் ஃபைலை மூடும் வரை அந்த நகல் பழைய எண்ணையே காட்டக்கூடும். லாக் ஃபைல் ஒன்று காலையிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்க, பட்டியலில் மட்டும் அது 0 பைட்டாகவே தெரிவது இதனால்தான். ஒரே ஃபைலுக்கு ஹார்ட் லிங்க் மூலம் இரண்டு பெயர் இருந்தாலும் இந்தச் சிக்கல் வரும்: ஒரு பெயர் வழியாக எழுதினால் மற்றப் பெயரின் நகல் அப்படியே நின்றுவிடலாம். உங்கள் சிஎஸ்வி இட நிர்வாகத்துக்கு என்றால் இது பொருட்டே இல்லை. பேக்கப் சரியாக வந்திருக்கிறதா என்று பைட்டு பைட்டாக ஒப்பிடுவதற்கு என்றால், கடந்த சில மணி நேரத்தில் மாறிய ஃபைல்கள், 0 என்று வந்தவை, லாக் மாதிரி எப்போதும் திறந்தே இருப்பவை ஆகியவற்றுக்கு மட்டும் தனியாக ஓஎஸ்.ஸ்டாட் கேளுங்கள். 40,000-இல் அவை ஒரு சில நூறுதான் இருக்கும்.

பெர்ல் மொழிக்காரர்கள் வேகத்துக்காகத் துல்லியத்தை விட்டுக்கொடுக்கும் இந்தப் பரிமாற்றத்தை வெகு நாளாக அறிந்தவர்கள். பெர்ல் 5.10-இல் வின்32_ஸ்லாப்பி_ஸ்டாட் என்றே ஒரு மாறியை வைத்தார்கள். அதை இயக்கினால் ஸ்டாட் ஃபைலைத் திறக்காமலே விவரம் சொல்லும். நெட்வொர்க் டிரைவில் வேகம் நன்றாகக் கூடும், ஆனால் ஹார்ட் லிங்க் உள்ள ஃபைல்களுக்கு விவரம் பழையதாக இருக்கலாம் என்று கையேட்டிலேயே எழுதிவைத்திருந்தார்கள். பின்னால் வந்த பதிப்புகளில் அந்த மாறிக்கு வேலை இல்லை. பெர்லில் இன்னும் பழைய ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள், ஒரே ஃபைலுக்கு அளவு, வயது, வகை என்று பல சோதனை செய்தால், இரண்டாவது சோதனையிலிருந்து பெயருக்குப் பதில் ஓர் அடிக்கோட்டைக் கொடுங்கள். கடைசியாக எடுத்த ஸ்டாட்டையே அது திரும்பப் பயன்படுத்தும்.

பவர்ஷெல்லில் கெட்-சைல்ட்ஐட்டம் கொடுக்கும் பொருளிலேயே லெங்த் என்று அளவு இருக்கிறது. அதை அப்படியே மெஷர்-ஆப்ஜெக்ட்டுக்கு அனுப்பிக் கூட்டினால் போதும். பலர் செய்வது என்னவென்றால், முதலில் பெயர்களை மட்டும் எடுத்து ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, பிறகு சுழலில் ஒவ்வொரு பெயருக்கும் கெட்-ஐட்டம் போடுவது. அங்கே மறுபடி 40,000 பயணம் தொடங்கிவிடுகிறது. குறிப்பிட்ட வகை ஃபைல்கள் மட்டும் வேண்டும் என்றால் இன்க்ளூட் வேண்டாம், ஃபில்டர் போடுங்கள். ஃபில்டர் ஃபைல் சிஸ்டத்திடமே போய்ச் சலிக்கிறது, இன்க்ளூட் எல்லாவற்றையும் வாங்கிவந்த பிறகு சலிக்கிறது. சி ஷார்ப்பில் டைரக்டரி.கெட்ஃபைல்ஸ் வெறும் பெயர்ச் சரங்களைத்தான் தரும், அதிலிருந்து ஃபைல்இன்ஃபோ உருவாக்கி லெங்த் கேட்டால் ஃபைலுக்கு ஒரு பயணம். டைரக்டரிஇன்ஃபோவின் எனூமரேட்ஃபைல்ஸ் தரும் பொருள்களில் அளவு நிரம்பியே வரும். எக்ஸெல் மேக்ரோவில் டிர் பெயரை மட்டும் தரும், ஃபைல்லென் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போகும். மேக்ரோவை விடவே முடியாது என்றால், கட்டளைச் சாளரத்தின் டிர் கட்டளையை /எஸ், /-சி தேர்வுகளோடு ஓட்டி ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதவைத்து, அந்த ஃபைலைப் படியுங்கள். அழகான வழி இல்லை, ஆனால் டிர் பட்டியலைத்தான் கேட்கிறது, அதனால் வேகமாக வேலை செய்கிறது.

ஸ்கேன்டிருக்கு மாறிய பிறகும் நேரம் அதிகம் என்றால் ஃபைல்களின் எண்ணிக்கையை விட்டு ஃபோல்டர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் திறப்பது, பட்டியல் கேட்பது, இனி ஒன்றும் இல்லை என்ற பதிலை வாங்குவது, மூடுவது என்று நான்கு பயணம் வைத்துக்கொள்ளலாம். பில் ஒன்றுக்கு ஒரு ஃபோல்டர், வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்துப் பிரித்து வைக்கும் அலுவலகங்களில் 40,000 ஃபைலுக்கு 12,000 ஃபோல்டர் இருப்பது சாதாரணம். 12,000 பெருக்கல் 4 பெருக்கல் 30 மில்லிநொடி என்றால் 1,440 நொடி, 24 நிமிடம். இங்கேதான் த்ரெட்கள், அதாவது ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் பல வேலை இழைகள், கைகொடுக்கும். பைத்தானின் த்ரெட்பூல்எக்ஸிக்யூட்டரில் 16 த்ரெட் வைத்து ஒவ்வொன்றும் ஒரு ஃபோல்டரை எடுத்துப் போகும்படி செய்தால், காத்திருப்பு ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒன்றரை நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். பைத்தானில் த்ரெட் போட்டு என்ன பயன், ஒரு சமயத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் ஜில் பூட்டு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். சிஸ்டத்தின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அந்தப் பூட்டு விடுவிக்கப்படுகிறது, இந்த வேலையோ முழுக்க முழுக்கக் காத்திருப்பு. ஆனால் 16 உதவியது என்று 200 போடாதீர்கள். மறுமுனையில் சுழலும் டிஸ்க் உள்ள ஒரு நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டி இருந்தால், 200 திசையில் அதன் தலையை இழுத்தடித்து, அதே நேரத்தில் அங்கே வேலை செய்யும் மற்றவர்களையும் நிறுத்திவிடுவீர்கள். 8-இல் தொடங்கி, இரட்டிப்பாக்கி, நேரம் குறையாமல் போகும் இடத்தில் நில்லுங்கள்.

த்ரெட் போடுவதை முதல் மருந்தாக எடுப்பவர்களையும் பார்க்கிறேன். கெட்சைஸை 40,000 முறை கூப்பிடும் ஸ்கிரிப்ட்டையே 16 த்ரெட்டில் ஓட்டினால் ஒரு மணி நேரம் நான்கு நிமிடம் ஆகலாம், திருப்தியும் வந்துவிடும். ஆனால் சர்வரிடம் 1,20,000 கேள்வி கேட்பது அப்படியே இருக்கிறது, அதை நான்கு நிமிடத்துக்குள் திணிக்கிறீர்கள் என்பதுதான் மாற்றம். கேள்விகளைக் குறைத்துவிட்டு, மிச்சம் இருப்பதற்கு மட்டும் த்ரெட் போடுங்கள்.

லினக்ஸிலிருந்து இதே வேலையைச் செய்பவர்களுக்கு விஷயம் கொஞ்சம் வேறு. அங்கே ஃபோல்டர் பட்டியல் கேட்கும் கெர்னல் அழைப்பு பெயர், ஐநோட் எண் (ஃபைலின் உள் அடையாள எண்), வகை ஆகியவற்றை மட்டுமே நிரலுக்குத் தரும், அளவு வராது. ஆகவே ஸ்கேன்டிர் வைத்தாலும் அளவுக்கு ஸ்டாட் கேட்டே ஆக வேண்டும். ஆனால் கெர்னலுக்கும் சர்வருக்கும் இடையே நடப்பது வேறு. யுனிக்ஸ், லினக்ஸ் பக்கத்தின் ஃபைல் பகிர்வு நெறிமுறையான என்எஃப்எஸ்-இன் மூன்றாம் பதிப்பில், 1995-லேயே, ரீட்டிர்பிளஸ் என்ற கேள்வி வந்துவிட்டது. அது பெயர்களோடு விவரங்களையும் மொத்தமாக வாங்கி கெர்னலின் கேஷில் போடும். விண்டோஸ் பகிர்வை, லினக்ஸின் எஸ்எம்பி கிளையன்ட்டான சிஐஎஃப்எஸ் மூலம் மவுன்ட் செய்தாலும் (இணைத்தாலும்) பட்டியலோடு வந்த அளவு கேஷில் உட்காரும். உடனே ஸ்டாட் கேட்டால் பதில் உள்ளூரிலேயே கிடைத்துவிடும். இந்த உடனே என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என்எஃப்எஸ்-இல் ஃபைல் விவரம் குறைந்தபட்சம் 3 நொடி தங்கும். சிஐஎஃப்எஸ்-இல் இந்த நேரத்தை முடிவு செய்யும் ஆக்டிமியோ என்ற மவுன்ட் தேர்வின் வழக்கமான மதிப்பு 1 நொடி. முதலில் மொத்த மரத்தின் பெயர்களையும் எடுத்து ஒரு லிஸ்ட்டில் அடுக்கிவிட்டு, அப்புறம் நிதானமாக ஒவ்வொன்றுக்கும் ஸ்டாட் கேட்டால், கேஷில் இருந்ததெல்லாம் காலாவதியாகி, ஒவ்வொன்றுக்கும் சர்வருக்கு ஓட வேண்டும். ஒரு ஃபோல்டரைப் படி, கையோடு அதன் ஃபைல்களுக்கு ஸ்டாட் கேள், அடுத்த ஃபோல்டருக்குப் போ. இந்த ஒரு வரிசை மாற்றம் மட்டுமே சில ஸ்கிரிப்ட்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரே ஃபோல்டரில் பல்லாயிரம் ஃபைல் என்றால், கணக்கெடுப்புக்கென்று தனியாகப் படிக்க மட்டும் மவுன்ட் செய்து, ஆக்டிமியோவை 60 என்று வைக்கலாம். மற்றவர்கள் செய்யும் மாற்றம் ஒரு நிமிடம் தாமதமாகத் தெரியும் என்பதை ஏற்றுக்கொண்டால் தவறில்லை. டியூ கட்டளையைப் பயன்படுத்துபவர்கள், அது டிஸ்க்கில் பிடித்த இடத்தைச் சொல்கிறதே தவிர ஃபைலின் அளவை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். அளவு வேண்டும் என்றால் அப்பேரன்ட்-சைஸ் என்ற தேர்வைச் சேர்க்க வேண்டும்.

ஃபோல்டர் பட்டியலே நகராமல் நின்றால் அது வேறு நோய். பெயர்களை மட்டும் எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். அதுவே பத்து நிமிடம் எடுத்தால் அளவு கேட்பதில் குற்றம் இல்லை. சர்வரில் அணுகல் அடிப்படையிலான பட்டியலிடல் இயங்குகிறதா என்று கேளுங்கள். பயனருக்கு அனுமதி இல்லாதவற்றை மறைக்கும் வசதி அது; பெரிய ஃபோல்டர்களில் ஒவ்வொரு ஃபைலுக்கும் அனுமதியைச் சரிபார்ப்பதால் பட்டியல் தாமதமாகும். ஆரம்பத்தில் மட்டும் பத்து இருபது நொடி நின்றுவிட்டுப் பிறகு சீராக ஓடினால் சர்வர் பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் கோளாறு, டிஎன்எஸ் பக்கம் போங்கள். பவர்ஷெல்லில் கெட்-எஸ்எம்பிகனெக்ஷன் ஓட்டினால் எந்தப் பதிப்பில் பேசுகிறது என்று டயலெக்ட் பத்தியில் தெரியும். 1.5 என்றோ 1.0 என்றோ இருந்தால் மறுமுனையில் இருப்பது மிகப் பழைய பெட்டி. எஸ்எம்பி முதல் பதிப்பு வளவளவென்று பேசும் நெறிமுறை என்பது ஒரு பக்கம், 2017-இல் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் நச்சுநிரல் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான் என்பது இன்னொரு பக்கம். வேகத்துக்காக இல்லாவிட்டாலும் அந்தப் பெட்டியை மாற்றச் சொல்லுங்கள். டிரைவ் எழுத்துக்குப் பதில் முழு சர்வர் பாதையைக் கொடுத்தால் வேகமாகும் என்பார்கள். உங்கள் கணக்கில் அது ஒரு பயணத்தைக்கூடக் குறைக்காது.

சர்வரில் உள்நுழையும் அனுமதி இருந்தால் இவ்வளவு யோசனையே தேவையில்லை. ஸ்கிரிப்ட்டை அங்கே ஓடவிட்டு, விளைந்த சிஎஸ்வி-யை மட்டும் இங்கே கொண்டுவாருங்கள். விண்டோஸ் சர்வர் என்றால் இன்வோக்-கமாண்ட், லினக்ஸ் என்றால் எஸ்எஸ்எச் மூலம் ஃபைண்ட். அனுமதி இல்லையென்றால், ஐடி பிரிவில் கேட்டு, இரவில் ஒரு தடவை சர்வரிலேயே பட்டியலை உருவாக்கிப் பகிர்வில் போட்டுவைக்கும்படி ஒரு ஷெட்யூல் டாஸ்க் வாங்கிவிடுங்கள். ஃபோல்டர் வாரியாக மொத்த அளவு மட்டும் போதும் என்றால், சர்வரில் ஒதுக்கீட்டு வரம்பு (கோட்டா) ஏற்கெனவே இயங்கும் ஃபோல்டர்களுக்கு அந்த எண் அங்கேயே தயாராக இருக்கும்.

தினமும் ஓட்டும் ஸ்கிரிப்ட் என்றால், நேற்றைய முடிவை வைத்துக்கொண்டு மாறிய ஃபோல்டர்களுக்குள் மட்டும் போனால் என்ன என்ற யோசனை வரும். ஃபோல்டரின் மாற்ற நேரத்தைப் பார்த்து, மாறவில்லை என்றால் தாண்டிப் போகும் ஸ்கிரிப்ட்கள் நிறைய உண்டு. அதைச் செய்யாதீர்கள். ஃபோல்டரின் நேரம் மாறுவது அதற்குள் ஒரு பெயர் புதிதாக வரும்போது, அழியும்போது, மாறும்போது மட்டுமே. உள்ளே இருக்கும் ஃபைல் 1 மெகாபைட்டிலிருந்து 5 ஜிகாபைட்டாக வளர்ந்தாலும் ஃபோல்டரின் நேரம் அசையாது. பேரன் ஃபோல்டரில் புதிதாக ஒன்று வந்தாலும் பாட்டன் ஃபோல்டருக்குத் தெரியாது. இதில் கிடைக்கும் பிழை சத்தம் போடாது. எண்கள் பொருத்தமாகவே தெரியும், மாதக் கடைசியில் டிஸ்க் நிறைந்த பிறகுதான் வெளியே வரும். ஸ்கேன்டிரும் எட்டுப் பதினாறு த்ரெட்டும் சேர்ந்தால் முழு மரத்தையும் தினமும் புதிதாகப் படிப்பதே ஓரிரு நிமிட வேலை என்கிறபோது, அந்த ஆபத்தை எடுக்கவே காரணமில்லை.

இதை மாற்றி ஓட்டிய பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் மூன்று எண்களை எழுதுங்கள்: மொத்த ஃபோல்டர்கள் எத்தனை, பெயர்ப் பட்டியல் மட்டும் எடுக்க எவ்வளவு நேரம், வயர்ஷார்க்கில் ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் இடையே எத்தனை மில்லிநொடி. கோளாறு லைனிலா, சர்வரிலா, ஸ்கிரிப்ட்டிலா என்பதை அந்த மூன்றை வைத்தே பார்த்துச் சொல்லிவிடலாம்.